கையடக்கக் கணிப்பொறி எப்படி இருக்க வேண்டும்?

வேண்டியதெல்லாம் ஒரே பொருளில் கிடைக்க வேண்டும் என்பது மனிதனின் பழைய ஆசை. கேட்டதைத் தரும் கற்பகத் தரு, வேண்டியதைச் சுரக்கும் காமதேனு, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்று நம் முன்னோர் கண்ட கனவுகள் பல. அவற்றுள் அமுதசுரபியின் கதை சிந்திக்கத் தக்கது. மணிமேகலையின் கைக்கு வருமுன் அப்பாத்திரம் ஆபுத்திரனிடம் இருந்தது. ஆளில்லாத மணிபல்லவத் தீவில் அவன் தனியே விடப்பட்டபோது, பிறர் பசியைத் தீர்க்க உதவாத பாத்திரம் எனக்கு மட்டும் எதற்கு என்று எண்ணி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டான். ஒரு கருவியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதோடு நில்லாமல், அது யாருக்கு எப்படிப் பயன்படுகிறது என்றும் கேட்கத் தெரிந்தவன் அவன்.

இன்றைய கற்பகத் தரு நம் சட்டைப் பையில் இருக்கிறது. கடிகாரமும் காமிராவும் அதிலே. வங்கியும் நூலகமும் அதிலே. ரயில் டிக்கெட்டும் ஊரிலிருந்து வரும் அம்மாவின் குரலும் அதிலேதான். வருங்காலத்தில் இது இன்னும் எப்படி வளரும் என்று விடுதியில் நண்பர்கள் கூடிப் பேசினால் கற்பனை சிறகு கட்டிக்கொண்டு பறக்கிறது. பாயைப் போலச் சுருட்டி வைக்கலாம் என்பான் ஒருவன். மூக்குக் கண்ணாடிக்குள் போய்விடும் என்பான் மற்றொருவன். எல்லோரும் பேசுவது, அதில் இன்னும் எதைச் சேர்க்கலாம் என்பதையே.

என் கேள்வி வேறு. இலட்சியக் கையடக்கக் கணிப்பொறி ஒன்றை நாமே வரைவதானால், அதற்கு என்ன இலக்கணம் வகுப்போம்? எங்கோ இருக்கும் நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு ஒரு முறை அறிவிப்பதை ஏற்றுக் கொள்வதுதான் நம் வேலையா? இலக்கணம் வகுக்கும் உரிமை பயன்படுத்துகிறவனுக்கும் உண்டு என்பது என் கட்சி.

கனவு நடந்து வந்த பாதை

1946இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் உலகுக்குக் காட்டிய எனியாக் என்னும் கணிப்பொறி ஏறத்தாழ 18,000 வால்வுகளும் 30 டன் எடையும் கொண்டது. நம் நாட்டில் 1950களின் நடுவில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கணிப்பொறி வந்தது. 1960இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் தானே கட்டிய கணிப்பொறியை முழு அளவில் இயக்கியது. 1962இல் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தவர் நேரு. அறை நிறைய நின்ற அந்த யந்திரங்களைக் கண்டவர்களிடம், இது ஒருநாள் உங்கள் பேரன் கையில் இருக்கும் என்று சொல்லியிருந்தால் நகைத்திருப்பார்கள்.

ஆனால் நகைக்காமல் கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகள் ஆண்டுதோறும் இரு மடங்காகும் என்று 1965இல் எழுதினார் கார்டன் மூர். அதை 1975இல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று திருத்திக் கொண்டார். இந்த வேகத்தை நம்பி 1972இல் ஆலன் கே என்னும் அறிஞர் 'டைனாபுக்' என்ற ஒன்றைத் தாளில் வரைந்தார். குறிப்பேட்டின் அளவு, 4 பவுண்டுக்குள் எடை, 500 டாலர் விலை, குறைந்தது பத்து லட்சம் எழுத்துகளைச் சேமிக்கும் ஆற்றல். அன்று அதைச் செய்து காட்ட யாராலும் முடியவில்லை. ஆயினும் பின் வந்த கையடக்கக் கருவிகளுக்கு அந்தத் தாள் ஒரு வழிகாட்டியாயிற்று.

1993இல் ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் வந்தது. கையெழுத்தைப் படிக்கும் என்று சொல்லப்பட்ட அது தப்பும் தவறுமாகப் படித்து, பத்திரிகைக் கேலிச் சித்திரங்களுக்குப் பொருளாயிற்று. 1994இல் விற்பனைக்கு வந்த ஐ.பி.எம். சைமன் தொலைபேசியும் கணிப்பொறியும் இணைந்த முதல் கருவிகளுள் ஒன்று. அதன் எடை அரைக் கிலோ. பேசினால் ஒரு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். 1996இல் வந்த பாம் பைலட்டைப் படைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் செய்தது என்ன தெரியுமா? சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அதையே கருவியாகப் பாவித்துக் கொண்டு நடமாடினார். எந்த இடத்தில் எதற்காக அதை எடுக்க நேர்கிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்தார். பொருளைச் செய்யுமுன் தேவையைத் தேடிய அந்தப் பொறுமை பாராட்டுக்குரியது. 2007இல் ஐபோன் வந்தது. பாட்டுப் பெட்டி, தொலைபேசி, இணையக் கருவி மூன்றும் ஒன்றாயின. பிறகு நடந்தது நாம் எல்லோரும் அறிந்ததே.

கனவு நிறைவேறிவிட்டதா?

அளவால் பார்த்தால் நிறைவேறியது மட்டுமல்ல, கரை கடந்துவிட்டது. ஆலன் கே கேட்டது பத்து லட்சம் எழுத்து. இன்று சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் 128 ஜிகாபைட் கைபேசியின் கொள்ளளவு அதைப் போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல். ஆனால் அவர் எழுதிய கட்டுரையில் வரும் சிறுவனும் சிறுமியும் என்ன செய்கிறார்கள்? புல்வெளியில் உட்கார்ந்து விண்கல விளையாட்டு ஒன்றை ஆடுகிறார்கள். ஆடும்போதே சூரியனின் ஈர்ப்பு விசையையும் விளையாட்டில் சேர்க்க வேண்டும் என்று சிறுவனுக்குத் தோன்றுகிறது. தானே பௌதிகத்தைக் கேட்டறிந்து, விளையாட்டின் விதியை மாற்ற முனைகிறான்.

இன்றைய பிள்ளைகள் கையில் இருப்பது அதைவிட வலிமை மிக்க யந்திரம். அதில் அவர்கள் விளையாடுகிறார்கள். விதியை மாற்ற முடிவதில்லை. கைபேசியில் ஓடும் ஒரு சிறு செயலியை எழுத வேண்டுமானால் பெரும்பாலும் வேறொரு பெரிய கணிப்பொறியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. மேசைக் கணிப்பொறியும் மடிக்கணினியும் வாங்க முடியாத வீட்டில், கைபேசி ஒன்றே கணிப்பொறியாக இருக்கும் வீட்டில் பிறந்த பிள்ளையின் நிலை என்ன? படிக்கலாம், பார்க்கலாம், வாங்கலாம்; படைக்க இடம் இல்லை. நம் நாட்டில் அப்படிப்பட்ட வீடுகள் சிலவா?

பெங்களூரில் பிறந்த பிள்ளை

வெளிநாட்டுக் கதையே பேசிக்கொண்டிருப்பானேன்? நாம் படிக்கும் இந்தப் பெங்களூரிலேயே ஒரு முயற்சி பிறந்தது. இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சிலரும் இவ்வூர் மென்பொருள் நிறுவனம் ஒன்றைச் சார்ந்தவர்களும் கூடி 1999இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, 2001இல் 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணிப்பொறியை உலகுக்குக் காட்டினார்கள். எளியது, மலிவானது, பல மொழி அறிந்தது என்பதே அதன் கொள்கை. லினக்ஸ் அதன் அடிப்படை. விரலாலும் குச்சியாலும் தொட்டு இயக்கலாம். எழுத்தறியாதவருக்காக இந்திய மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஏற்பாடும் அதில் உண்டு.

அதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறிய அட்டை. ஏறத்தாழ 9,000 ரூபாய்க் கருவியை ஒவ்வொரு ஏழையும் வாங்க முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். எனவே ஊருக்கு ஒரு கருவி. ஆளுக்கு ஓர் அட்டை. கருவி ஊராட்சியிலோ பள்ளியிலோ கடையிலோ இருக்கும். வருகிறவர் தம் அட்டையைச் செருகினால் அவருடைய விவரங்கள் வரும். எடுத்துக்கொண்டு போனால் அவரோடு போய்விடும். கருவி பொது, செய்தி தனி என்ற இந்த ஏற்பாட்டை ஊர்க் கிணற்றோடு ஒப்பிடலாம். கிணறு எல்லோருக்கும் சொந்தம். குடம் அவரவர்க்குச் சொந்தம்.

2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிதா' என்ற பெயருடன் அது கடைக்கு வந்தது. அசைத்தால் அசைவை உணரும் ஆற்றல்கூட அதில் இருந்தது. ஆயினும் நாடெங்கும் பரவவில்லை. காரணம் என்ன? அந்த ஆண்டுகளில் செல்போன் மலிவாகிக் கொண்டே வந்தது. 2003இல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றும் ஆயிற்று. மக்களுக்கு முதலில் வேண்டியிருந்தது பேச்சு. அதைத் தந்த கருவி வீட்டுக்குள் நுழைந்தது. கணிப்பொறி பின்னர் அதன் வழியாகவே நுழைந்தது. 2011இல் மத்திய அரசு மாணவர்களுக்காகக் கொண்டுவந்த 'ஆகாஷ்' பலகைக் கணினியின் கதையும் ஒரு பாடமே. விலையைக் குறைப்பதே தலையாய நோக்கமாயிற்று. வேகம் குறைந்த சில்லும், அழுத்தினால்தான் உணரும் திரையும் அதன் விலையாயின. மலிவு வேண்டும், ஆனால் ஏழைக்கு இது போதும் என்ற எண்ணத்தில் செய்த பொருளை ஏழையும் விரும்புவதில்லை.

நான் வகுக்கும் இலக்கணம்

முதலாவது, மொழி. பாம் பைலட் கையெழுத்தைப் படித்த முறை விந்தையானது. மனிதன் எழுதுவதை யந்திரம் கற்கவில்லை. யந்திரத்துக்குப் புரியும்படி எழுத மனிதன் ஒரு புதிய வரிவடிவத்தைக் கற்றான். யந்திரத்துக்காக மனிதன் வளைந்து கொடுத்த காலம் அது. நம் மொழியைப் பொறுத்தவரை 1991இல் யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. 1999இல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. எழுத்து யந்திரத்துக்குள் போய்விட்டது. இனிப் பேச்சும் போக வேண்டும். செய்தி வாசிப்பவரின் தமிழ் மட்டும் புரிந்தால் போதாது. நெல்லைத் தமிழும், கொங்குத் தமிழும், சிவாஜிநகர்ச் சந்தையில் கன்னடமும் உருதுவும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும் பேச்சும் புரிய வேண்டும். கன்னட நாட்டில் வாழும் நமக்குப் பக்கத்து வீட்டாரின் மொழியைக் கற்றுத் தரும் ஆசிரியராகவும் அது விளங்க வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு அற்றாலும் உயிர் இருக்க வேண்டும். 2024இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சட்டையில் குத்திக்கொள்ளும் கருவி ஒன்றை 699 டாலருக்கு விற்றது. திரை இல்லை, பேசினால் போதும், கைபேசிக்கு இனி விடைகொடுக்கலாம் என்றார்கள். ஹியூமேன் ஏ.ஐ. பின் என்பது அதன் பெயர். 2025 பிப்ரவரியில் நிறுவனம் தன் உடைமைகளை விற்றுவிட்டு, கருவிக்கு உயிரூட்டிய தொலைதூரக் கணிப்பொறிகளை நிறுத்தியது. வாங்கியவர்களின் சட்டையில் எஞ்சியது ஏறத்தாழ ஒரு வெறும் பொத்தான். விற்றவன் கடையை மூடினால் வாங்கியவன் வீட்டுப் பாத்திரம் உடைந்துபோகும் என்றால் அதை விற்பனை என்று எப்படிச் சொல்வது? படிப்பது, எழுதுவது, கணக்கிடுவது, மொழிபெயர்ப்பது ஆகிய அடிப்படை வேலைகளைக் கருவி தன் சொந்த அறிவாலேயே செய்ய வேண்டும். இணைப்பு கிடைத்தால் அது மேலும் வளரட்டும்.

மூன்றாவது, எல்லாம் ஒன்றில் என்பதன் ஆபத்தை உணர்ந்ததாக இருக்க வேண்டும். வெளியூரில் படிக்கும் மாணவன் ஒருவனின் கைபேசி பஸ்ஸில் தொலைந்துபோகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பணம் அதில், அடையாளச் சான்று அதில், ஊருக்குப் போகும் டிக்கெட் அதில், அப்பாவின் தொலைபேசி எண்கூட மனத்தில் இல்லை, அதில்தான் இருக்கிறது. வேறொரு கருவியில் தன் கணக்கைத் திறக்கப் போனால், நீதான் அவன் என்பதற்கு அடையாளமாகக் கடவுச்சொல் ஒன்றை அனுப்பியிருக்கிறோம் என்கிறது யந்திரம். எங்கே அனுப்பியிருக்கிறது? தொலைந்த கைபேசிக்கு! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். இங்கேதான் சிம்ப்யூட்டரின் அட்டை மீண்டும் நினைவுக்கு வருகிறது. என் கருவி வேறு, நான் வேறு. என் செய்திகள் அடங்கிய சிறு அட்டை ஒன்று என்னிடம். பூட்டிய அதன் நகல் ஒன்று வீட்டில். கருவி தொலைந்தால் நண்பனின் கருவியில் அட்டையைச் செருகி அன்றைய பாட்டைப் பார்த்துக் கொள்ளலாம். அட்டையே தொலைந்தால் வீட்டு நகல் இருக்கிறது. செய்ய முடியாத வித்தை அல்ல இது. செய்ய மனம் வேண்டும்.

நான்காவது, திறக்கவும் பழுது பார்க்கவும் இடம் தர வேண்டும். எஸ்.பி. ரோட்டில் ஒரு மாலை நடந்து பாருங்கள். கையகலக் கடைக்குள் உட்கார்ந்து, ஊசிமுனை திருப்புளியால் மாண்டுபோன கருவிகளுக்கு உயிர் கொடுக்கும் இளைஞர்களைக் காணலாம். அவர்களுடைய திறமைக்கு எதிராகக் கருவிகள் இன்று பசை போட்டு ஒட்டப்படுகின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. சார்ந்த அறிக்கை கூறுகிறது; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் கால் பங்குகூட இல்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றி மாட்டும் கைபேசியைச் செய்ய கூகுள் 'ஆரா' என்ற திட்டத்தை நடத்தி, 2016இல் கைவிட்டது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய விதி, சிறு கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரியைக் கெடுவாக வைத்தது. சந்தை தானாகத் தராததைச் சட்டம் கேட்டுப் பெறுகிறது. நாமும் கேட்கலாம்.

ஐந்தாவது, படைக்க இடம் தர வேண்டும். ஒவ்வொரு கருவியிலும் அதன் விதிகளைத் திறந்து பார்க்கவும் மாற்றிப் பார்க்கவும் ஒரு வாசல் இருக்க வேண்டும்; அந்த வாசலில் தமிழும் எழுதியிருக்க வேண்டும். தவறு செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியும் இருந்தால் பிள்ளைகள் அஞ்சாமல் கற்பார்கள்.

ஆறாவது, வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அழைத்தால் வரும் பணியாள் நல்லவன். நிமிடத்துக்கு ஒரு முறை வந்து தோளைத் தட்டுகிறவன் பணியாள் அல்லன், எஜமானன்.

சில மறுப்புகள்

இத்தனையும் சேர்த்தால் விலை ஏறிவிடாதா என்று கேட்கலாம். சிறிது ஏறலாம். ஆனால் பேட்டரியை மாற்றி ஆறாண்டு உழைக்கும் கருவியும், இரண்டாண்டில் எறியப்படும் கருவியும் விலையில் சமமா? கடைச் சீட்டைப் பார்த்துக் கணக்கிடாமல், ஆண்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மற்றொரு நண்பர் கேட்கிறார்: செயற்கை அறிவு வந்துவிட்டது, சொன்னால் யந்திரமே நிரல் எழுதுகிறது, இனிப் பிள்ளைகள் விதியை மாற்றக் கற்பதெல்லாம் எதற்கு? என் விடை இது. சமைக்க ஆள் இருந்தாலும் உப்பு அதிகமா குறைவா என்று சொல்ல நாக்கு வேண்டும். யந்திரம் எழுதியது சரியா என்று பார்க்கத் தெரியாதவன், அது கொடுப்பதை விழுங்க வேண்டியவனே. மேலும், அந்தச் செயற்கை அறிவு யாருடைய கணிப்பொறியில் ஓடுகிறது, யார் சொல்லுக்கு நிற்கிறது என்ற கேள்வி நம் இரண்டாம் இலக்கணத்திலேயே வந்துவிட்டது.

மக்கள் இவற்றைக் கேட்கவே இல்லையே என்பது மூன்றாம் மறுப்பு. கேட்கலாம் என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்? மரக்கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு தேவையைத் தேடிய அந்த மனிதரைப் போல, நம் ஊர்ச் சந்தையிலும் வயலிலும் மருத்துவமனை வரிசையிலும் நின்று யாராவது தேடிப் பார்த்தால் அல்லவா தெரியும்?

மாணவர் செய்யக் கூடியது

கருவியைச் செய்ய நம்மிடம் தொழிற்சாலை இல்லை. ஆனால் இன்றே செய்யக் கூடியவை சில உண்டு. முதல் இலக்கணத்துக்கு வேண்டிய மூலப்பொருள் நம் தொண்டையிலேயே இருக்கிறது. மோசில்லா அமைப்பு 2017இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' என்னும் பொதுக்குரல் திட்டத்தில் தமிழும் உண்டு. எவரும் வாக்கியங்களைப் படித்துத் தம் குரலைக் கொடையாகத் தரலாம். நம் சங்கத்தில் எத்தனை மாவட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறோம்! பொங்கல் விழாவுக்கு ஒதுக்கும் நாட்களில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கினால், கன்னியாகுமரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை உள்ள குரல்கள் யந்திரத்தின் காதில் விழும். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பாட்டியின் குரலையும், அவர் சம்மதித்தால், சேர்த்துவிட்டு வரலாம். பொறியியல் படிக்கும் நண்பர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். அட்டையையும் கருவியையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டை ஒரு முறை செய்துதான் பார்க்கட்டுமே. சட்டம் படிப்பவர்கள் ஐரோப்பாவின் பேட்டரி விதியைத் தமிழில் எழுதி நம் மலருக்குத் தரட்டும்.

சிம்ப்யூட்டர் தோற்றது என்று சொல்வார்கள். இந்த ஊரில் சில ஆசிரியர்கள் கூடி, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவருக்காக ஒரு கணிப்பொறியை வரைந்தார்கள். பிறகு வந்த எத்தனை வெற்றிக் கருவிகள் அவரை நினைத்து வரையப்பட்டன? அவருக்கான கருவி இன்னும் வரவில்லை. அதை வரைய வேண்டிய தலைமுறை நாம்தான்.